கடலரிப்புத் தொடர், மூன்று வருடத் திட்டம்: நிதிக்கு எங்கே போவது, படங்களை எப்போது வெளியிடுவது?

தொடுவானம்

கடலரிப்பை மூன்று வருடம் தொடர்ந்து படமெடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். 12 இடங்கள், வருடத்துக்கு ஆறு முறை. முதல் சுற்று முடிந்திருக்கிறது. இரண்டு கேள்விகள்.

ஒன்று, இவ்வளவு நீளமான வேலைக்கு எந்த வகை கிராண்ட் (நிதியுதவி) பொருந்தும், விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்? இரண்டு, நிதி கிடைக்கும்வரை படங்களைப் பூட்டி வைக்க வேண்டுமா? இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் ‘ஏற்கெனவே வெளியானது’ என்று தள்ளிவிடுவார்களா?

மாதிரிக்கு ஒரு கேப்ஷன்: “கடல்மட்டம் உயர்வதால் அழிந்துகொண்டிருக்கும் கிராமம்.”

மூன்றுகால்

கிராண்ட் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதல் சுற்றுப் படங்களை மூன்றாம் வருடப் படங்களோடு வைத்து ஒப்பிட முடியுமா? முடியாதென்றால் கையில் இருப்பது அழகான கடற்கரைப் படங்கள், அவ்வளவுதான்.

ஜிபிஎஸ் எண்ணைக் குறித்து வைத்திருந்தால் போதாது. சாதாரண ஜிபிஎஸ் 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும். 50 மி.மீ. லென்ஸ், 36 மி.மீ. அகல சென்சார், 20 மீட்டர் தூரத்தில் ஒரு சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி நின்றால் அந்தச் சுவர் சென்சாரில் 12.5 மி.மீ. நகர்ந்துவிடும். படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ட்ரைபாட் வெறும் 10 செ.மீ. தள்ளியிருந்தாலும் 5 மீட்டரில் இருக்கும் பொருள் 1 மி.மீ. நகரும், 6000 பிக்சல் அகலப் படத்தில் அது 167 பிக்சல். தூரத்துப் பொருள்கள் அசையாது, பக்கத்தில் இருப்பவை மட்டும் இடம் மாறும். இந்த மாதிரிப் படத்தை எந்த மென்பொருளாலும் சரியாகப் பொருத்த முடியாது.

செய்ய வேண்டியது: படச்சட்டத்தின் இடது பாதியில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். முன்னால் இருக்கும் கம்பத்தின் வலது விளிம்பு பின்னால் இருக்கும் கட்டடத்தின் இடது மூலையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது என்பதுபோல. வலது பாதியிலும் அப்படி ஒரு ஜோடி. இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் சேரும் புள்ளி தரையில் ஒன்றே ஒன்றுதான். அடுத்த முறை முதல் படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு ஜோடியும் சேரும்வரை நகருங்கள். உயரத்துக்கு, கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: அடிவானக் கோடு ஒரு கம்பத்தை எங்கே வெட்டுகிறதோ அதுதான் லென்ஸின் உயரம். அந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டால் ட்ரைபாட் கால் மணலில் எவ்வளவு புதைந்தாலும் கவலையில்லை.

இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம். நிலையத்தை, அதாவது நின்று படமெடுக்கும் இடத்தை, மணல்மேல் வைக்காதீர்கள். அரிப்பைப் படமெடுக்கிறீர்கள், அரிப்பு முதலில் உங்கள் நிலையத்தையே கொண்டுபோய்விடும். கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மாடி, ஒரு கான்கிரீட் மேடை, இப்படி ஏதாவது. ஒவ்வொரு நிலையத்துக்கும் பின்னால் ஒரு மாற்று நிலையம், முதல் நாளே இரண்டிலிருந்தும் படம். ஜோடிப் பொருள்களையும் இரண்டு செட் குறித்து வையுங்கள். மூன்று வருடத்தில் ஒரு கம்பமாவது கடலுக்குள் போகும்.

லென்ஸ்: ஜூம் வேண்டாம். ஜூமில் ‘35’ என்று நிற்பது ஒவ்வொரு முறையும் அதே 35 இல்லை. குவியத் தூரம் மாறாத பிரைம் லென்ஸ், துளை அளவு எஃப் 8, ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஃபோகஸ் மாறினால் பல லென்ஸ்களில் பார்வைக் கோணமும் கொஞ்சம் மாறும்.

ஓதக்கணக்கு

மூன்றுகால் சொன்னதெல்லாம் சரியாகச் செய்தும் ஓதத்தை, அதாவது கடல் ஏறி இறங்குவதை, பார்க்காமல் போனால் முன், பின் என்று சேர்க்கும் ஜோடிப் படம் பொய் சொல்லும். 1க்கு 20 சரிவுள்ள மணல்கரையில் நீர் 1 மீட்டர் ஏறினால் தண்ணீர் விளிம்பு 20 மீட்டர் உள்ளே வரும். காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம் எடுத்து ‘முன், பின்’ என்று போட்டால் பார்ப்பவர் பயந்துபோவார். இணையத்தில் சுற்றும் ஜோடிகளில் இந்தக் கோளாறு தாராளம்.

ஆகவே தண்ணீர் விளிம்பை அளவுகோலாகக் கொள்ளவே கூடாது. கடைசி ஏற்றம் நனைத்த மணலுக்கும் உலர்ந்த மணலுக்கும் இடையிலான கோடு, அல்லது செடிகொடிகள் முடியும் கோடு. இரண்டாவது கோடு அன்றாட அலைக்கு அவ்வளவாக அசையாது.

நாளுக்கு இருமுறை ஓதம் வரும் கரைகளில் ஒரு வசதி உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கிட்டத்தட்ட ஒரே மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். அதனால் எப்போதும் அமாவாசைக்கு அடுத்த ஓரிரு நாள் என்று வைத்துக்கொண்டால் ஓதமும் சரியாக இருக்கும், கடிகார நேரமும் ஏறக்குறைய அதேயாக இருக்கும். ஓத அட்டவணையில் முன்கூட்டியே பார்த்து மூன்று வருடத்துக்கான தேதிகளையும் இன்றே எழுதிவிடலாம். அந்தத் தேதிப் பட்டியலை விண்ணப்பத்தோடு இணையுங்கள். படிப்பவருக்கு இது விளையாட்டில்லை என்று புரியும்.

பருவமும் முக்கியம். கொந்தளிப்பான மாதங்களில் கரை தேயும், அமைதியான மாதங்களில் மணல் திரும்பி வரும். ஜோடி சேர்க்கும்போது மாதத்தோடு மாதம்தான். பனிப்பாறை எடுப்பவர்களுக்கும் இதே கதை: உருகும் பருவத்தின் கடைசியில், வடக்கு அரைக்கோளத்தில் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் எடுக்க வேண்டும். புதுப்பனி விழுந்துவிட்டால் பனிப்பாறையின் விளிம்பே தெரியாது.

அப்புறம் அந்தக் கேப்ஷன். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கைப்படி 2006 முதல் 2018 வரை உலக சராசரிக் கடல்மட்ட உயர்வு வருடத்துக்கு 3.7 மி.மீ. உங்கள் மூன்று வருடத்தில் 11 மி.மீ. அதே 1க்கு 20 சரிவில் தண்ணீர் 22 செ.மீ. உள்ளே வரும். மணல் இடம்பெயர்வதையும் சேர்க்கும் ப்ரூன் விதியைப் பிடித்துக்கொண்டு, கடல் உயர்ந்ததைப் போல 50 முதல் 100 மடங்கு கரை பின்வாங்கும் என்று போட்டாலும் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர். அந்த விதியையே எல்லாக் கரைக்கும் பொருத்த முடியாது என்று வாதிடுபவர்கள் நிறைய. உங்கள் படத்தில் மூன்று வருடத்தில் 15 மீட்டர் போயிருந்தால் வேறு ஏதோ நடக்கிறது. பக்கத்தில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர் இருக்கிறதா? கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு? ஆற்றில் அணை, மணல் அள்ளுதல்?

தொடுவானம்

வடக்கே 2 கி.மீ. தூரத்தில் அலைத்தடுப்புச் சுவர் இருக்கிறது. அதைக் கேப்ஷனில் எழுதினால் காலநிலைத் திட்டம் என்ற பெயரே போய்விடாதா? நிதி கொடுப்பவர்கள் அந்தச் சொல்லைத்தானே தேடுகிறார்கள்?

ஓதக்கணக்கு

போகாது. எழுதாமல் விட்டால்தான் போகும். கடலோரப் பொறியியல் தெரிந்த ஒருவர் உங்கள் படத்தை ஐந்து நொடி பார்த்தால் சுவரைக் கேட்பார். நிதிக் குழுவில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதோடு முடிந்தது.

ஜகார்த்தாவின் வடக்குக் கரை நல்ல எடுத்துக்காட்டு. கடல் விழுங்கும் நகரம் என்று எத்தனையோ படத்தொடர்கள். அங்கே தரைதான் பெரும்பாலும் இறங்குகிறது. நிலத்தடி நீரை உறிஞ்சியதால் சில பகுதிகள் வருடத்துக்கு 10 செ.மீ.க்கும் மேல் இறங்கியிருக்கின்றன. மேலே சொன்ன 3.7 மி.மீ.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மத்திய ஆசியாவின் ஏரல் கடலும் அப்படி. அது வற்றியதற்கு முதல் காரணம் 1960களிலிருந்து ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. இரண்டும் காலநிலைப் பேச்சுக்குள் வரத்தான் செய்கின்றன: ஏற்கெனவே மனிதன் கெடுத்துவைத்த இடத்தில் உயரும் கடலும் ஏறும் வெப்பமும் எவ்வளவு சீக்கிரம் அடிக்கின்றன என்று. அதைச் சொல்லுங்கள். சுவரால் மணல் வரத்து நின்றுபோன கரைக்குக் கடல்மட்டம் உயரும்போது தாக்குப்பிடிக்க எதுவுமே இல்லை. இது உங்கள் பழைய கேப்ஷனைவிட வலுவான வாதம்.

கறுப்புத்துணி

கேப்ஷன் சமாச்சாரத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் 2017 துருவக்கரடி வீடியோ. கனடாவின் சாமர்செட் தீவில் எலும்பும் தோலுமாக ஒரு கரடி. எடுத்தவர்கள் பால் நிக்லனும் கிறிஸ்டினா மிட்டர்மயரும். நேஷனல் ஜியோகிராஃபிக் அதைக் காலநிலை மாற்றத்தின் முகம் என்ற பொருளில் எழுத்துப் போட்டு வெளியிட்டது. ஒரு தனிக் கரடி ஏன் பட்டினியாகக் கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நோயாக இருக்கலாம், வயதாக இருக்கலாம். 2018இல் அந்த இதழே எல்லை மீறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டது. வீடியோவில் பொய் எதுவும் இல்லை. கேடு ஒரு வரியில் வந்தது.

இதற்கு நேர்மாறு ஸ்டெஃபன் ஓல்சனின் படம். ஜூன் 2019, வடமேற்கு கிரீன்லாந்து. நாய்கள் தண்ணீர்மேல் நடந்து சறுக்குவண்டி இழுப்பதுபோல இருக்கும். அவர் டென்மார்க் வானிலை நிறுவனத்தின் விஞ்ஞானி, புகைப்படக்காரர் இல்லை. கீழே கெட்டியான கடற்பனி இருக்கிறது, அதில் விரிசல் குறைவு என்பதால் உருகிய நீர் வடியாமல் மேலே தேங்கியிருக்கிறது என்று அவரே விளக்கினார். படம் உலகம் முழுக்கப் போனது. விளக்கம் கூடவே போனதால் யாரும் அதைப் பிடித்து இழுக்க முடியவில்லை.

ஆனால் இந்த இழையோடு ஒரு சண்டை எனக்கு உண்டு. ஜோடிப் படம், ஓதம், பிக்சல் என்று பேசிக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது நில அளவைத் துறை ஆவணம். புகைப்படக்காரர் கிடியன் மெண்டல் 2007இலிருந்து வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளில் அந்த வீட்டுக்காரர்களை இடுப்பளவு நீரில் நிற்கவைத்து நேருக்கு நேர் படமெடுக்கிறார். அளவு ஏதுமில்லை. பார்த்தால் மறக்காது.

மூன்றுகால்

மெண்டலின் பலமே ஒழுங்குதான். பல நாடுகள், பல வருடங்கள், ஆனால் அதே நேர்ப்பார்வை, அதே நிற்கும் விதம். ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது. அதுவும் அளவுதான், டேப் மட்டும் இல்லை.

தொடுவானம் இரண்டையும் செய்யலாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வீடு. அந்த வீட்டார் அதே வாசலில், ஒவ்வொரு வருடமும். மலையேறியும் படமெடுப்பவருமான டேவிட் பிரெஷியர்ஸ், 1921இல் மலையேறி மல்லோரி எடுத்த எவரெஸ்ட்டின் ரோங்புக் பனிப்பாறைப் படத்தின் நிலையத்தைத் தேடிப் போய் 2007இல் திரும்ப எடுத்தார். அந்த ஜோடி வேலை செய்வதற்குக் காரணம் முதல் படம் எங்கே நின்று எடுத்தது என்பதை மலைகளின் கோடுகளே காட்டிக்கொடுத்ததுதான். பழைய குடும்பப் படங்களில் பின்னால் கடற்கரை தெரிந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் மூன்று வருடம் எடுப்பதைவிட நீண்ட இடைவெளி இனாமாகக் கிடைக்கும்.

வெண்சமன்

நிறம் பற்றி யாரும் பேசவில்லை. கேமராவே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ வெண்சமநிலையை அணைத்துவிடுங்கள். செப்டம்பர் 2020இல் காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோ வானம் ஆரஞ்சாக மாறியபோது பலருடைய ஃபோன்கள் அதைச் சாம்பல் நிறமாகத் ‘திருத்தி’விட்டன. கேமராவைப் பொறுத்தவரை ஆரஞ்சு என்பது பிழை. 5500 கெல்வினில் பூட்டி வைத்தால் எல்லாச் சுற்றிலும் ஒரே அடிப்படை இருக்கும். லென்ஸ் திருத்தம் எல்லாச் சுற்றிலும் போட வேண்டும் அல்லது எதிலும் போடக்கூடாது.

ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவுசெய்த மூல ஃபைலை, அழிக்காதீர்கள். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போன்ற போட்டிகளில் கடைசிச் சுற்றுக்கு வந்தால் மூல ஃபைலைக் கேட்பார்கள்.

சேமிப்புக்குப் பயப்பட வேண்டாம். 12 நிலையம், வருடத்துக்கு 6 முறை, நிலையத்துக்கு 3 படம், 3 வருடம்: 648 படம். ஒன்று 25 எம்பி என்றால் 16 ஜிபி. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில்.

கருங்கல்

இடையில் ஒரு கேள்வி. வருடத்துக்கு ஆறு முறை போவதற்குப் பதில் ஒரு கேமராவை அங்கேயே பூட்டி வைத்து, குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் டைம்லாப்ஸ் எடுத்தால் பயணச் செலவு மிச்சமாகுமே? புகைப்படக்காரர் ஜேம்ஸ் பேலாக் 2007இல் பனிப்பாறைகளுக்கு முன்னால் அப்படித்தானே வைத்தார்?

வெண்சமன்

வைத்தார். ஆரம்பத்தில் அவருக்கே கட்டுப்பாட்டுச் சுற்றுகள் பழுதாகிக் கைவிட்டன. மிச்சம் என்று நினைத்து இறங்காதீர்கள், பழுது பார்க்கப் போகும் பயணம் கூடும்.

கணக்கு இப்படி. அரை மணிக்கு ஒன்று, பகல் 12 மணி நேரம்: நாளுக்கு 24, வருடத்துக்கு 8760 படம். ஷட்டருக்கு இது ஒன்றுமில்லை. ராவில் 219 ஜிபி, நல்ல ஜேபெக் 8 எம்பி என்றால் 70 ஜிபி.

மின்சாரம்தான் தலைவலி. படமெடுக்கும்போது ஆகும் செலவு சொற்பம். சும்மா இருக்கும்போது டைமரும் மின்னழுத்தம் குறைக்கும் சுற்றும் குடிப்பதுதான் ஆளை விழுங்கும். 12 வோல்ட்டில் 20 மில்லியாம்ப் என்றால் நாளுக்கு 0.48 ஆம்பியர்மணி. 12 ஆம்பியர்மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம், ஆக 6. வெயிலே இல்லாமல் 12 நாள். மழைக்காலம் இதைவிட நீளம் என்றால் பேட்டரியை இரட்டிப்பாக்குங்கள் அல்லது மலிவான சுற்றை மாற்றி 5 மில்லியாம்புக்குள் கொண்டுவாருங்கள். இரண்டாவது வழி நல்லது. குளிர்ப் பகுதியில் வைப்பவர்களுக்கு: லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். சார்ஜ் கன்ட்ரோலர் அதைத் தானாகத் துண்டிக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். இறுக்கி மூடிய பெட்டி பகலில் சூடாகி இரவில் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ரப்பர் வளையம் வழியாக ஈரக்காற்றை உறிஞ்சும். விடிகாலையில் கண்ணாடியின் உட்புறம் பனித்திருக்கும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வால்வு ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராமும் போடுங்கள். கடற்கரையில் உப்புப் படலம் இதைவிட மோசம். இரண்டு வாரத்தில் முன்கண்ணாடி மங்கிவிடும், துடைக்க உள்ளூரில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். பட்ஜெட்டில் அது தனி வரி.

கடிகாரம்: 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள குவார்ட்ஸ் நாளுக்கு 1.7 நொடி, வருடத்துக்குப் பத்து நிமிடம் தள்ளும். பனிப்பாறைக்குப் பரவாயில்லை, ஓதத்துக்கு அது பிழை. ஒவ்வொரு முறை போகும்போதும் ஃபோனின் நேரத்தை அந்தக் கேமராவாலேயே ஒரு படம் எடுங்கள். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் நிலைப்படுத்தியை அணையுங்கள். ஃபைல் எண் 9999ஐத் தாண்டி மறுபடி 0001க்கு வரும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் பழையதன்மேல் புதியது ஏறும். இறக்கும்போதே நிலையம், தேதி, யுடிசி (உலகப் பொது) நேரம் என்று பெயர் மாற்றிவிடுங்கள்.

அதிகச் செலவில்லாத மாற்று ஒன்று: ஆஸ்திரேலியாவில் 2017இல் தொடங்கிய கோஸ்ட்ஸ்னாப். கரையில் நிலையாக ஒரு உலோகத் தாங்கி. போகிறவர் வருகிறவர் ஃபோனை அதில் வைத்துப் படமெடுத்து அனுப்புகிறார்கள், படத்திலிருந்து கரைக்கோட்டை அளந்துகொள்கிறார்கள். இரண்டு நிலையத்தில் அப்படிச் செய்தால் உங்கள் ஆறு சுற்றுக்கு நடுவே என்ன நடந்தது என்பதும் தெரியும்.

ரசீது

இப்போது நிதி.

முதலில் வகை பிரியுங்கள். பரிசு வேறு, கிராண்ட் வேறு. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டி, முடித்த வேலைக்குத்தான். அதன் நீண்டகாலத் திட்டப் பிரிவுக்கு 24 முதல் 30 படம், குறைந்தது மூன்று வெவ்வேறு வருடங்களில் எடுத்தவை வேண்டும். உங்கள் திட்டம் முடியும்போது பொருந்தும், இன்று இல்லை. பிரி பிக்தே என்ற புகைப்படப் பரிசு 2008இலிருந்து இருக்கிறது, ஒரு லட்சம் சுவிஸ் ஃபிராங்க், ஆனால் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அவர்கள் நியமித்தவர்கள் முன்மொழிய வேண்டும். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். புலிட்சர் சென்டர், எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க் போன்றவை செய்தி சேகரிப்புக்குக் கொடுப்பவை. அங்கே முக்கியமான கேள்வி ‘எங்கே வெளியாகும்?’ ஓர் ஆசிரியரிடமிருந்து ஆர்வம் தெரிவிக்கும் கடிதம் கையில் இல்லாமல் போகாதீர்கள். நேஷனல் ஜியோகிராஃபிக் சொசைட்டி, மேக்னம் ஃபவுண்டேஷன், யூஜீன் ஸ்மித் கிராண்ட் ஆகியவை நீண்ட திட்டங்களையும் பார்க்கும், போட்டி கடுமை.

மூன்று வருடத்தையும் ஒரே இடத்தில் கேட்பதுதான் பொதுவான தவறு. பெரும்பாலான நிதிகளின் ஆயுள் ஒரு வருடம். திட்டத்தை வெட்டுங்கள். முதல் வருடம் சுவரும் கரையும், ஒரு செய்தி நிதி. இரண்டாம் வருடம் இடம்பெயரும் குடும்பங்கள், வேறு நிதி. மூன்றாவது கண்காட்சியும் ஆவணக் காப்பகமும். ஒவ்வொன்றும் தனியாக நிற்க வேண்டும், அடுத்தது கிடைக்காவிட்டாலும்.

பலரும் தொடாத கதவு ஒன்று: விஞ்ஞானிகளின் பட்ஜெட். அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிதியம் விண்ணப்பங்களை மதிப்பிடும் இரண்டு அளவுகோல்களில் ஒன்று சமூகத்துக்கான பரந்த பயன். அந்தப் பகுதியில் என்ன எழுதுவது என்று பல ஆய்வாளர்களுக்குக் குழப்பம். ஓதத்தோடு, நிலைய எண்ணோடு, அளவோடு படங்கள் வைத்திருக்கும் புகைப்படக்காரர் அவர்களுக்கு வரம். இங்கேதான் மூன்றுகாலும் ஓதக்கணக்கும் சொன்னது காசாகிறது. ஆனால் அவர்கள் விண்ணப்பம் அனுப்பும் முன்பே உங்கள் செலவுக்கான வரி உள்ளே போக வேண்டும். பணம் வந்தபிறகு போய்க் கேட்டால் சிரித்துக்கொண்டே கைவிரிப்பார்கள்.

எழுத்து. ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவதே நோக்கம்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். குழு அன்று படிக்கும் பாதி விண்ணப்பங்களில் அது இருக்கும். அதற்குப் பதில்: 12 நிலையம், இந்தத் தேதிகள், இந்த ஆய்வாளரோடு, இந்த மொழியில், இந்த இடத்தில் வெளியீடு. 300 சொல் கேட்டால் முதல் 60 சொல்லுக்குள் யார், எங்கே, ஏன் இப்போது என்பது வந்துவிட வேண்டும். படம் 20 கேட்டால் ஒப்பிடும் படம் நான்கு போதும், ஒரே மாதிரி மாலை வெயில் படம் ஆறு வைக்காதீர்கள்.

பட்ஜெட். என் கணிப்பில் ஆரோக்கியமான பிரிப்பு: பயணம் தங்கல் 30 சதவீதம், உங்கள் கூலி 25, உள்ளூர் உதவியாளர் மொழிபெயர்ப்பாளர் 12, காப்பீடு 5, சேமிப்பும் அச்சும் 8, படம் எடுத்த ஊருக்கே திருப்பிக் கொடுப்பதற்கு 10, எதிர்பாராதவை 10. உங்கள் கூலிக்குப் பூஜ்யம் போடாதீர்கள். தியாகி என்று யாரும் நினைக்க மாட்டார்கள், கணக்குத் தெரியாதவர் என்று நினைப்பார்கள். கேமரா வாங்குவதைப் பல நிதிகள் ஏற்காது, ‘கருவி வாடகை’ என்றால் ஏற்கும். பணம் தவணையில்தான் வரும், கடைசித் தவணை வேலையை ஒப்படைத்த பிறகு. அந்த இடைவெளியைத் தாங்கக் கையில் இருப்பு வேண்டும். இதில்தான் பலர் பாதியில் நிற்கிறார்கள்.

கறுப்புத்துணி

யார் பணம் என்பதையும் பாருங்கள். எண்ணெய் நிறுவனங்கள் கலைக்குக் கொடுத்த பணம் பெரிய சர்ச்சை. டேட் அருங்காட்சியகங்களுக்கு பிபி கொடுத்துவந்த ஆதரவு 2017இல் முடிந்தது, லண்டன் தேசிய உருவப்படக் காட்சிக்கூடத்துக்குக் கொடுத்தது 2022 கடைசியில். ஒப்பந்தத்தில் படத்தேர்விலும் கேப்ஷனிலும் நிதியாளருக்குக் குரல் இல்லை என்ற வரி இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

ரசீது

அதோடு ஒப்பந்தத்தில் உரிமை பற்றிய வரி. ‘நிரந்தர, திரும்பப்பெற முடியாத, பிறருக்கு மாற்றித்தரக்கூடிய’ என்று மூன்று சொல்லும் சேர்ந்து வந்தால் அது படங்களைச் சேர்த்து வைத்து விற்கும் பங்குப்பட நிறுவனத்துக்கு இனாமாகச் சரக்குச் சேர்க்கும் ஏற்பாடு. ‘போட்டியை அறிவிக்கவும் கண்காட்சிக்கும், இரண்டு வருடம், பெயரோடு’ என்பது நியாயம். வெளியிட்டதாகக் கணக்காகுமா என்ற கேள்விக்கு: போட்டிகளும் கிராண்டுகளும் பெரும்பாலும் உங்கள் சொந்தப் பக்கத்தில் போட்டதைப் பொருட்படுத்தாது. இதழ்கள்தான் முதல் வெளியீட்டுக்கு முறைக்கும். தனிப்படங்கள் ஆறேழு வெளியே போகட்டும். ஜோடிகளையும் வரிசையையும் பிடித்து வையுங்கள். யாரும் பார்க்காத திட்டத்துக்கு யாரும் பணம் தருவதில்லை.

வெண்சமன்

பகிரும் தளங்கள் பெரும்பாலும் படத்துக்குள் இருக்கும் தகவலை உரித்துவிடும். எனவே இரண்டு இடத்தில்: படக் கோப்புக்குள் விவரம் எழுதும் ஐபிடிசி புலங்களில் எடுத்தவர், உரிமை, முழு விளக்கம், உரிமம் பெறும் முகவரி; அதே விளக்கம் பதிவின் எழுத்திலும். உங்கள் வெப்சைட்டில் உரிமப் புலம் நிரப்பியிருந்தால் கூகுள் படத்தேடலில் 2020இலிருந்து உரிமம் பெறலாம் என்ற குறி தெரிகிறது.

ஜேம்ஸ் விட்லோ டெலானோ 2015இல் தொடங்கிய எவ்ரிடே கிளைமேட் சேஞ்ச் இன்ஸ்டாகிராம் கணக்கைப் பாருங்கள். படத்தின் கீழே நீளமான, நிதானமான விளக்கம். அது போகிற இடமெல்லாம் கூடவே போகிறது.

கறுப்புத்துணி

எந்தப் படத்தை முன்னால் வைப்பது என்பதற்கு காலநிலைப் படங்களை ஆராயும் கிளைமேட் விஷுவல்ஸ் செய்த ஆய்வு உதவும். பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா மூன்றிலும் மக்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டார்கள். நடிப்பில்லாத உண்மையான மனிதர்கள் எடுபட்டார்கள். போராட்டப் படங்களும் அரசியல்வாதிகளும் எடுபடவில்லை. பாதிப்புப் படம் மனதை அசைக்கும், கூடவே கையாலாகாத உணர்வையும் தரும். செய்யக்கூடிய ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். துருவக்கரடியும் புகைபோக்கியும் புரியும், ஆனால் சலித்துவிட்டன.

சம்மதம் பற்றி ஒரே குறிப்பு. செய்தி, கண்காட்சி, தொண்டு நிறுவன விளம்பரம், பங்குப்படம் என நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். வீடு இழந்தவர் செய்திக்குச் சரி என்பார், நன்கொடைச் சுவரொட்டியில் தன் முகம் வருவதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். நிலத்தகராறு உள்ள இடமானால் வெளியிடும் பிரதியில் ஜிபிஎஸ்ஸை நீக்குங்கள், மூலத்தில் இருக்கட்டும்.

தொடுவானம்

முதல் சுற்றை மறுபடி எடுக்கப் போகிறேன். 12இல் ஐந்து நிலையம் மணலில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். புதுக் கேப்ஷன்:

“நிலையம் 7, தென்கிழக்கு நோக்கி. இடதுபுறக் கம்பத்திலிருந்து உலர்மணல் விளிம்புவரை 14 மீட்டர், டேப்பால் அளந்தது. வடக்கே 2 கி.மீ.யில் அலைத்தடுப்புச் சுவர் மணல் வரத்தைத் தடுக்கிறது. உயரும் கடலைத் தாங்க இந்தக் கரைக்குக் கிடைக்கும் மணல் குறைந்துவருகிறது.”

ஓதக்கணக்கு

தேவலை. தேதியும் யுடிசி நேரமும் இல்லை. அன்றைய ஏற்றம் எவ்வளவு உயரம் என்பது இல்லை. உலர்மணல் விளிம்பு அதைப் பொறுத்துத்தான் நகரும். கம்பத்திலிருந்து எந்தத் திசையில் டேப்பைப் பிடித்தீர்கள் என்பதையும் டிகிரியில் எழுதுங்கள், அடுத்த முறை அளப்பது நீங்களாக இல்லாமலும் போகலாம். கடைசி இரண்டு வரி: சுவர் மணலைத் தடுக்கிறது, வரத்து குறைகிறது என்று யார் அளந்தது? ஆய்வு இருந்தால் பெயர் போடுங்கள். இல்லாவிட்டால் ‘வடக்கே 2 கி.மீ.யில் அலைத்தடுப்புச் சுவர் உள்ளது’ என்பதோடு நிறுத்துங்கள்.